எழுத்து வேறு, ஃபான்ட் வேறு: வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில் திறக்கும் முதல் தமிழ் பைல் பெரும்பாலும் அவரே டைப் செய்ததாக இருக்காது. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு டிடிபி கடையில் டைப் செய்து பென் டிரைவில் வாங்கி வந்த கோவில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சங்கத்தின் ஆண்டறிக்கை என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். டபுள் கிளிக் செய்து திறந்தால் திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கட்டி நிற்கின்றன. கடையில் பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தது, வைரஸ் ஏறிவிட்டதோ என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். வைரஸ் இல்லை. பைலும் கெடவில்லை. அந்தக் கடையில் இருந்த ஒரு ஃபான்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை.

அப்படியானால் அந்த ஃபான்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் தீர்ந்ததே என்று தோன்றும். பைல் தெரியத்தான் செய்யும். ஆனால் அதே பைலை நாளை துபாயில் இருக்கும் உங்கள் மகனுக்கு அனுப்பினால் அவருக்கும் இதே கதைதான். செல்போனில் திறந்தாலும் இதே கதைதான். எனவே எந்த ஃபான்ட் அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், எழுத்து வேறு, ஃபான்ட் வேறு என்பதைப் புரிந்துகொண்டுவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

உள்ளே இருப்பது எண்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து அந்த எண்ணைத்தான் அது சேமித்து வைக்கிறது. ஃபான்ட் என்பது அந்த எண்ணுக்கு என்ன படம் வரைய வேண்டும் என்று சொல்லும் படப் புத்தகம். ஆங்கிலச் சிறிய 'ஜே' எழுத்துக்கு எண் 106. ஏரியல் ஃபான்ட் அந்த எண்ணைக் கண்டதும் 'ஜே' என்று வரையும்.

தமிழுக்கு என்று தனி எண்கள் சாதாரண கம்ப்யூட்டர்களில் வழக்கத்துக்கு வராத காலத்தில் ஃபான்ட் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ்ப் படங்களை வைத்தார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இன்றும் புழங்கும் பாமினி ஃபான்ட் அந்த வகை. அதில் 106-க்கு 'த' என்று படம். 'தமிழ்' என்று நீங்கள் பாமினியில் டைப் செய்தால் கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் வரை அது 'தமிழ்'. பாமினி இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும்.

யூனிகோடு முறையில் அப்படி இல்லை. அங்கே 'த' எழுத்துக்கு 2980 என்று சொந்த எண் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த மொழியின் எந்த எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு என்று ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த முறையில் டைப் செய்தால் ஃபான்டை மாற்றும்போது எழுத்தின் சாயல்தான் மாறும், எழுத்து மாறாது.

உங்கள் பைல் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். வேர்டில் பைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயையும் 'ஏ' கீயையும் சேர்த்து அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்யுங்கள். ஃபான்ட் பெட்டியில் ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. ஏரியலில் தமிழ் கிடையாதே என்று கேட்கலாம். உள்ளே இருப்பது தமிழ் எண் என்று தெரிவதால், கைவசம் உள்ள வேறொரு தமிழ் ஃபான்டை வேர்டே எடுத்துக்கொள்ளும். ஆங்கிலக் குப்பையாக மாறினால் அது பழைய வகை. பார்த்து முடித்ததும் கன்ட்ரோல் கீயோடு 'இசட்' கீயை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

ஏன் இத்தனை குழப்பம்?

ஆளுக்கொரு படப் புத்தகம் போட்டதுதான் காரணம். ஒரு கம்பெனியின் ஃபான்டில் 'க' இருக்கும் எண்ணில் இன்னொரு கம்பெனி 'ய' வைத்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் படித்து வந்தவர்களுக்குக் கை பழகிய இடத்திலேயே எழுத்து வர வேண்டும் என்பதற்காகச் சிலர் தட்டச்சு இயந்திர வரிசைப்படியே எண்களை அமைத்தார்கள். பாமினி அந்த வழிதான். வெளிநாடுகளில் இருந்த தமிழர்கள் 1990-களின் இறுதியில் மின்னஞ்சல் குழு வழியாகக் கூடிப் பேசி 'டிஸ்கி' என்று ஒரு பொதுமுறை செய்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. டாம் தமிழுக்கு மட்டுமானது. டாப் தமிழும் ஆங்கிலமும் ஒரே ஃபான்டில் இருப்பது.

விண்டோஸ் 2000-இல் லதா என்ற ஃபான்டோடு யூனிகோடு தமிழும் வந்துவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகள் மாறவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அந்த மென்பொருளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர் வேறு என்ன செய்வார்? 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. யூனிகோடு வேலை செய்யாத மென்பொருள்களுக்கு மட்டும் 'டேஸ்16' என்ற 16 பிட் முறை. அரசு மாறியது. நம் பென் டிரைவ்களில் கிடக்கும் பழைய பைல்கள் மாறவில்லை.

ஒரு குளக் கணக்கு

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நாகர்கோவிலுக்கு வடக்கே எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நாஞ்சில் நாட்டுக் குளங்கள், கால்வாய்கள், வயல் பத்துகளின் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதியவர். சைக்கிளில் போய்ப் பல வருடம் செய்த வேலை. நோட்டு நிறைய நிறைய ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் செய்து வாங்கி சிடியில் வைத்துக்கொண்டார். பிறகு கடை மூடப்பட்டது. நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றது. பெயர் சொன்ன பெரியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் குறைவு. அந்தக் குளங்களில் சில இப்போது குளங்களாகவும் இல்லை.

மகள் வாங்கித் தந்த புதிய லேப்டாப்பில் அந்த சிடியைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார். லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை என்பது தனிக் கதை. வெளியே மாட்டும் டிரைவ் ஒன்றை வாங்கி வந்து திறந்தோம்.

"மக்களே, இதென்னது? தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. எல்லாம் போச்சா?"

"போகல்ல சார். எல்லாம் உள்ளதான் இருக்கு. இந்தா பாருங்க, எஃப், எஸ், கே, ஒரு அரைப்புள்ளி. வரிக்கு வரி வருதுல்லா? அது எல்லாம் குளம் சார்."

பாமினியில் 'குளம்' அப்படித்தான் சேமிக்கப்பட்டிருக்கும். பாமினியை நிறுவியதும் பக்கங்கள் தமிழில் வந்துவிட்டன. சார் முகத்தில் வெளிச்சம். ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு பாமினியால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே பெயரில் இரண்டு ஊர்களில் குளம் இருக்கிறதா என்று தேட வேண்டும், பெயர்களை அகரவரிசையில் அடுக்க வேண்டும் என்றார். பாமினி பைலை எக்ஸெலில் போட்டு வரிசைப்படுத்தினால் அது ஆங்கில வரிசையில்தான் அடுக்கும். கண்ணுக்கு முதலில் தெரியும் கொம்புதான் பைலிலும் முதலில் இருப்பதால் கொ, தொ, பொ எல்லாம் கொம்பின் கீழே ஒரே கூட்டமாகப் போய் நிற்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தப் பைலில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை.

அதனால் பைல் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றுவதற்கு ஒரு மாலைப் பொழுது. பிழை பார்க்க அவருக்கு மூன்று வாரம்.

பழைய பைலை மாற்றுவது எப்படி?

முதலில் பைலை ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூலத்தைத் தொடவே கூடாது. மாற்றம் தவறாகப் போனால் திரும்பிப் போக இடம் வேண்டும்.

அடுத்து எந்த ஃபான்டில் டைப் செய்யப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். வேர்ட் பைலாக இருந்தால் எளிது. குப்பையாகத் தெரியும் எழுத்துகளின் நடுவில் கிளிக் செய்தால், அந்த ஃபான்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே ஃபான்ட் பெட்டியில் வரும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று பெயரைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். டாப், டாம், டிஎஸ்சி என்று பெயர் தொடங்கினால் அது அந்தந்தக் குறியீட்டு முறை. நோட்பேட் பைலில் ஃபான்ட் பெயர் பதிவாகாது. அங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2000-களில் என்எச்எம் கன்வர்ட்டர் பலருக்கும் கைகொடுத்தது. பைத்தான் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, நூறு பைலை ஒரே மூச்சில் மாற்றலாம். எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு பத்தியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். தப்பான வகையைத் தேர்ந்தெடுத்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றியை நம்பக் கூடாது. பைலில் நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் அது தமிழாக்கிவிடும். சாருடைய பைலில் சர்வே எண்களுக்கு முன்னால் 'நம்பர்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'என்', 'ஓ' என்று இரண்டு எழுத்து போட்டிருந்தார்கள். மாற்றிய பைலில் பக்கத்துக்குப் பக்கம் 'ழே', 'ழே' என்று வந்தது. பாமினிக் கணக்கில் 'என்' என்பது ஏகாரக் கொம்பு, 'ஓ' என்பது ழ. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது!

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத பிழைகள். காலும் 'ர' எழுத்தும் பல ஃபான்டுகளில் ஒன்று போலவே இருக்கும். டைப் செய்தவர் கால் வர வேண்டிய இடத்தில் 'ர' அடித்திருப்பார், அச்சில் யாருக்கும் தெரிந்திருக்காது. யூனிகோடில் தேடும்போது அந்தச் சொல் மட்டும் அகப்படாது. 'ஔ' எழுத்துக்கும் இதே கதி. நம் பக்கத்து ஔவையாரம்மன் கோவில் நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்து 'ஒளவை' என்று சமாளிப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் சிறியது. கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு சொற்கள், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. மாற்றி முடித்ததும் இந்த இரண்டையும் தேடிப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

புதிதாக டைப் செய்ய

இனி நீங்கள் டைப் செய்யப் போவதெல்லாம் யூனிகோடிலேயே இருக்கட்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதற்கு விண்டோஸ் சிடியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். அதன் கீபோர்டு பட்டியலில் தமிழ்99 இருக்கிறது. ஆங்கில உச்சரிப்பை வைத்து அடிக்க விரும்பினால் ஃபொனெடிக் இருக்கிறது. விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். உயிர் எழுத்துகள் இடக் கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக் கைப்பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. இரண்டு 'ம' சேர்ந்து வந்தால் முதலாவதற்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு ஓடும்.

எந்த ஃபான்ட்?

விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற ஃபான்ட் கூடவே வருகிறது. கடிதம், மனு, பட்டியல் எதற்கும் அது போதும். அதில் மலையாளமும் இருப்பதால் களியக்காவிளைப் பக்கம் இருமொழி நோட்டீஸ் போடுகிறவர்களுக்கு இன்னும் வசதி, இரண்டு மொழியும் ஒரே கனத்தில் நிற்கும். லதாவும் விஜயாவும் இன்றைய விண்டோஸில் தானாக வருவதில்லை. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழ் துணை ஃபான்டுகள் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகியவை உள்ளேயே இருக்கின்றன.

வேறு வேண்டும் என்றால் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தமிழைத் தேர்வு செய்து பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், மீரா இனிமை, கையெழுத்துப் போன்ற கவிவாணர், தலைப்புக்குத் தடித்த பலூ தம்பி என்று நிறைய உண்டு. நீளமாக வாசிக்க வேண்டிய புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது டிரோ தமிழ் நல்லது. கோட்டின் தடிமன் ஏறி இறங்குவதால் அச்சுப் புத்தகத்தின் முகம் கிடைக்கும். இவை திறந்த உரிமத்தில் வருபவை, நோட்டீஸ் அடித்தாலும் புத்தகம் போட்டாலும் காசு கேட்க யாரும் வர மாட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு ஃபான்டுகளை இலவசமாகத் தந்திருக்கிறது. ஊர் பேர் தெரியாத தளத்தில் 'ஆயிரம் தமிழ் ஃபான்ட் இலவசம்' என்று ஜிப் பைல் கிடைத்தால் கை வைக்காதீர்கள். பெரும்பாலானவை பழைய வகை, பல திருட்டுப் பிரதி.

ஒரு ஃபான்டைச் சோதிக்க நான் பயன்படுத்துவது நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள்தான். தோவாளை, ஆரல்வாய்மொழி, குழித்துறை, பெருஞ்சாணி, கொட்டாரம், திற்பரப்பு. இந்த ஆறையும் 11 அளவில் அடித்து அச்செடுத்துப் பாருங்கள். ழகரமும் ளகரமும் தெளிவாகப் பிரிகின்றனவா, 'ஞ்சா'வில் புள்ளி மேலே முட்டாமல் இருக்கிறதா, 'ளை' 1978-இல் அரசு ஏற்றுக்கொண்ட சீர்திருத்த வடிவில் வருகிறதா என்று தெரிந்துவிடும். கூடவே ஸ்ரீ, ஜூ, ஹ, ரூபாய்க் குறி ஆகியவற்றையும் அடியுங்கள். ரூபாய்க் குறி 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபான்டுகளில் அது இருக்காது.

போல்டு வேண்டும் என்றால் அந்த ஃபான்டுக்குத் தனி போல்டு பைல் உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேர்டே எழுத்தை இழுத்துத் தடிக்க வைக்கும். ண, ன சுழிகள் அடைத்துக்கொண்டு மை கொட்டியது போல ஆகும். தமிழைச் சாய்த்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. சாய்வெழுத்து ஆங்கிலத்தின் பழக்கம். தமிழில் ஒரு சொல்லை எடுத்துக் காட்ட போல்டு போதும்.

பழைய நிலக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்தி. முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகளுக்கும் 2019-இல் யூனிகோடு 12.0 இடம் கொடுத்துவிட்டது. 51 குறிகள். சாதாரணத் தமிழ் ஃபான்டுகளில் அவை இருக்காது, நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற தனி ஃபான்ட் வேண்டும்.

இறக்கிய ஃபான்ட் ஜிப் பைலாக வந்தால் முதலில் அதை விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் டிடிஎஃப் பைலில் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவப்படும், சில பழைய மென்பொருள்களின் ஃபான்ட் பட்டியலில் அது தெரியாது. வேர்ட் திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டும்.

வேர்டில் ஒரு ரகசிய அறை

ஒரே வரியில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் நிற்கிறதா? கன்ட்ரோல் கீயோடு 'டி' அழுத்தி ஃபான்ட் பெட்டியைத் திறங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு பகுதியும், 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னொரு பகுதியும் இருக்கும். தமிழ் அந்த இரண்டாவது பகுதியில்தான் வரும். ஃபான்ட், அளவு, போல்டு மூன்றும் அங்கே தனி. இலவச லிப்ரே ஆபீஸிலும் இதே ஏற்பாடுதான். அதன் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் மொழி அமைப்புக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் எழுத்து அகலம் அதிகம், மேலும் கீழும் இடம் எடுக்கும். ஆங்கிலம் 12 என்றால் தமிழ் 11 அல்லது 10.5 வைத்தால் இரண்டும் சமமாகத் தெரியும்.

படம், பிளான், பட்டியல்

போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், புள்ளி வட்டம் ஒன்றும் கூடவே வரும். ஃபான்டைத் திட்ட வேண்டாம். பிரிஃபரன்சஸ் பகுதியில் 'டைப்' என்பதைத் திறந்து 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்று மாற்றுங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' என்று இருக்கும். இலவச இங்க்ஸ்கேப்பிலும் ஸ்கிரைபஸ் 1.6-இலும் தமிழ் ஒழுங்காக வரும்.

சிவில் படித்தவர்கள் ஆட்டோகேடில் வீட்டு பிளான் போட்டுக் கொத்தனாருக்குப் புரியும்படி 'அடுக்களை' என்று எழுத முயன்றால் கேள்விக்குறிகள் வரிசையாக வரலாம். ஆட்டோகேடின் சொந்த எஸ்எச்எக்ஸ் ஃபான்டுகளில் தமிழ் கிடையாது. டெக்ஸ்ட் ஸ்டைலில் நிர்மலா யூஐ போன்ற ட்ரூடைப் ஃபான்ட் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொத்தனாருக்கு அனுப்புவது பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும்.

எக்ஸெலில் வேறு ஒரு தொல்லை. கோவில் தலைக்கட்டு வரிப் பட்டியலை யாரோ சிஎஸ்வி பைலாக அனுப்புகிறார்கள். திறந்தால் தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகின்றன. இது பாமினி அல்ல. யூனிகோடு தமிழ்தான், எக்ஸெல் அதைத் தப்பாக வாசிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாக எடுத்துக்கொள்வதால் வரும் கோளாறு. 'டேட்டா' மெனு வழியாக அந்த பைலை உள்ளே எடுத்து யூடிஎஃப்-8 என்று தேர்வு செய்தால் சரியாகும். நீங்கள் அனுப்பும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமித்து அனுப்புங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும். 2019-க்கு முந்தைய நோட்பேடில் 'ஆன்சி' என்று விட்டுவிட்டால் தமிழ் அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும். அப்படிப் போனது திரும்பி வராது.

எண்ணிக்கையிலும் ஒரு வேடிக்கை உண்டு. எக்ஸெலின் 'லென்' பார்முலாவில் 'தமிழ்' என்று கொடுத்தால் விடை 3 அல்ல, 5. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 'கன்னியாகுமரி' நமக்கு 7 எழுத்து, அதற்கு 12. ஆன்லைன் விண்ணப்பத்தில் '20 எழுத்துக்குள் பெயர்' என்று இருந்தால் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டப்படுவது இதனால்தான். எஸ்எம்எஸ்ஸிலும் ஆங்கிலத்தில் 160 அடங்குகிற இடத்தில் தமிழில் 70 தான்.

பிரஸ்ஸுக்குக் கொடுக்கும்போது

வீட்டில் டைப் செய்த நோட்டீஸை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது வேர்ட் பைலை மட்டும் கொடுக்காதீர்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபான்ட் இல்லாவிட்டால் வேறு ஃபான்டில் விழும், வரிகள் இடம் மாறும். வேர்டிலேயே 'சேவ் அஸ்' கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் ஃபான்ட் பைலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அவர்கள் திருத்த வேண்டியிருந்தால் 'ஆப்ஷன்ஸ்' பகுதியின் 'சேவ்' பக்கத்தில் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' டிக் செய்த வேர்ட் பைலையும் கூடவே கொடுங்கள். 'யூனிகோடு எங்கள் மென்பொருளில் வராது, பாமினிக்கு மாற்றிக்கொள்கிறோம்' என்று சில கடைகளில் சொல்வார்கள். மாற்றிக்கொள்ளட்டும். உங்கள் யூனிகோடு பைல் உங்களிடம் இருக்கட்டும். அவர்கள் மாற்றி எடுத்த புரூஃபில் ஆங்கிலச் சொற்கள், போன் எண்களுக்குப் பக்கத்தில் உள்ள குறிகள், ஔகாரம் இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.